சின்னக் குழந்தையோடு சாயங்கால சைக்கிள் சவாரி போவது எப்படி

எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்ற கேள்வியிலிருந்து ஆரம்பித்தால் இந்தச் சவாரி பாதியிலேயே சொதப்பிவிடும். இன்றைக்கு சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது என்று முதலில் பாருங்கள், மற்ற கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்தான். மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு தெருமுனையைத் தாண்டினாலே வெளியூர் போன மாதிரிதான், தூரமெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வழக்கமாக வீட்டுக்குள் இருக்கும் நேரத்தில் வெளியே இருப்பது, கண்ணெதிரே வானத்தின் நிறம் மாறுவது, நம்முடைய லைட் வெளிச்சம் ரோட்டில் முன்னால் ஓடுவது, இவ்வளவு போதும். பகலில் பத்து கிலோமீட்டர் சுற்றினாலும் கிடைக்காத சாகசம் இருட்டும் நேரத்தில் இரண்டே கிலோமீட்டரில் கிடைத்துவிடும்.

நான் சொல்வது மிதிக்கிற சைக்கிளைப் பற்றி. மோட்டார் பைக்கில் குழந்தையை ஏற்றிப் போவது தனி விஷயம், அதை இதில் கலக்கவில்லை.

நேரக் கணக்கு

சூரியன் மறைந்த அடுத்த நிமிடமே இருட்டிவிடாது. அது அடிவானத்துக்குக் கீழே 6 டிகிரி இறங்கும் வரை, மேகம் இல்லாத நாளில், லைட் இல்லாமலே எதிரில் வருபவர் முகமும் ரோட்டில் இருக்கும் பள்ளமும் ஓரளவு தெரியும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர்களில் இந்த இடைவெளி இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். வடக்கே அல்லது தெற்கே தள்ளிப் போகப் போக நீண்டுகொண்டே போகும், கோடைக்காலத்தில் முக்கால் மணி நேரம்கூட இழுக்கும். மறையும் நேரத்தை போனில் இருக்கும் வானிலை ஆப்பே சொல்லிவிடும். அதற்குப் பிறகு உங்கள் தெருவில் எவ்வளவு நேரம் வெளிச்சம் நிற்கிறது என்பதை ஒருநாள் வாசலில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மரமும் கட்டடமும் அடர்ந்த தெரு வெட்டவெளியைவிட சீக்கிரமாகவே இருட்டிவிடும்.

இந்த இடைவெளியை நடுவில் வைத்துத் திட்டம் போடுங்கள். சூரியன் மறைய முக்கால் மணி நேரம் இருக்கும்போது கிளம்புங்கள். மறையும் நேரத்தில் சைக்கிளை ஓரமாக நிறுத்தி, வானம் தெரிகிற ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மங்கல் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பக் கிளம்பி, கடைசி ஐந்து பத்து நிமிடத்தை மட்டும், நன்றாகத் தெரிந்த தெருவில், முழு இருட்டில் ஓட்டுவதுபோல அமைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி ஐந்து நிமிடம்தான் குழந்தைக்குப் பெரிய சாகசம், மறுநாள் எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரியும். அதனால்தான் அது பழகிய தெருவாக இருக்க வேண்டும்.

நேரத்தோடு திசையும் சேர்ந்தே வரும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது மேற்கு நோக்கி ஓட்டுகிற எல்லோருக்கும் கண் கூசும். நீங்கள் மேற்கே போனால் உங்களுக்குக் கூசுவது பெரிய விஷயம் இல்லை, தொப்பி விளிம்பை இறக்கிக்கொள்ளலாம். உங்களுக்குப் பின்னால் அதே திசையில் வரும் கார்க்காரருக்கும் கூசுகிறது என்பதுதான் பிரச்சினை, அவர் கண்ணாடியில் தூசி இருந்தால் உங்கள் சைக்கிளே அவருக்குத் தெரியாமல் போகலாம். கிழக்கே போனால் எதிரில் வருகிறவருக்கு அதே கதை. ஆகவே வண்டிகள் ஓடும் ரோட்டைத் தொட வேண்டியிருந்தால் தெற்கு வடக்காகப் போகிற ரோட்டைப் பாருங்கள், இல்லாவிட்டால் சூரியன் மறைந்த பிறகு அந்த ரோட்டுக்கு வாருங்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்க வசதி இருந்தால் பௌர்ணமிக்கு முதல் நாள் போய்ப் பாருங்கள். பௌர்ணமியன்று சூரியன் மேற்கில் மறையும் நேரத்தை ஒட்டி நிலா கிழக்கில் எழும், முதல் நாளோ சூரியன் இருக்கும்போதே நிலா மேலே வந்திருக்கும், திரும்பி வரும் வழி முழுக்கக் கூடவே வரும். பௌர்ணமிக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சராசரியாக ஐம்பது நிமிடம் தாமதமாகத்தான் எழும் என்பதால் இரண்டு நாள் தள்ளிப்போட்டால் அதைப் பார்ப்பதற்குள் குழந்தை தூங்கிவிடும்.

தூக்கம் என்றதும் இன்னொன்று. மதியம் தூங்காத குழந்தையைச் சாயங்காலம் சைக்கிளில் ஏற்றாதீர்கள். எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும் சரி, கெஞ்சினாலும் சரி.

எதில் உட்கார வைப்பது

ஒரு வயது நிறையாத குழந்தையை சைக்கிளில் ஏற்றவே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி சொல்கிறது. காரணம் கழுத்து. குழந்தை சாய்மானம் இல்லாமல் தானாக நன்றாக உட்கார வேண்டும், ஹெல்மெட்டோடு சேர்த்துத் தலையின் கனத்தைத் தாங்குகிற அளவுக்குக் கழுத்து உறுதியாக வேண்டும், மேடு பள்ளத்தில் குலுங்கினாலும் தாங்க வேண்டும். அதுவரை தள்ளுவண்டியில் சாயங்கால நடை போங்கள், அதுவும் நல்லதுதான். குழந்தையை மார்பிலோ முதுகிலோ துணியில் கட்டிக்கொண்டு ஓட்டுவது எந்த வயதிலும் வேண்டாம். நீங்கள் விழுந்தால் உங்கள் எடை முழுவதும் அதன்மேல்தான் விழும்.

முன்னால் ஹேண்டிலுக்குப் பின்னால் பொருத்துகிற சீட் பெரும்பாலும் 15 கிலோ வரைதான் தாங்கும், பின்னால் பொருத்துகிற சீட் பலவற்றில் 22 கிலோ வரை. சீட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள், அதை மட்டும் நம்புங்கள். சைக்கிள் கேரியரிலும் அது எவ்வளவு எடை தாங்கும் என்று பொறித்திருப்பார்கள், கேரியர்மேல் பொருத்துகிற சீட் என்றால் இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. பட்டையும் கால் வைக்கும் இடமும் இல்லாத வெறும் கேரியரில் ஒரு தலையணையைக் கட்டி உட்கார வைப்பது வேலைக்கு ஆகாது.

சாயங்கால சவாரிக்கு, எடை இடம் கொடுத்தால், என் ஓட்டு முன் சீட்டுக்குத்தான். குழந்தையின் தலை உங்கள் தாடைக்குக் கீழேயே இருக்கும், மெதுவாகப் பேசினாலும் கேட்கும், அது விரல் நீட்டிக் காட்டுவதை நீங்களும் அதே நொடியில் பார்க்கலாம். கண் சொக்க ஆரம்பித்தால் உடனே தெரிந்துவிடும். குறை இல்லாமல் இல்லை. முட்டியை அகட்டி மிதிக்க வேண்டும், ஹேண்டிலை முழுசாக ஒடிக்க முடியாது, எதிர்க்காற்று முழுக்கக் குழந்தை முகத்தில்தான் அடிக்கும். பின் சீட்டில் காற்று அடிக்காது, சாய்ந்துகொள்ள வசதி அதிகம், ஆனால் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது, அது உங்கள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வரும். பின்னால் இழுத்துப் போகிற டிரெய்லர் தாழ்வாக இருப்பதால் எளிதில் கவிழாது, பொம்மை, போர்வை என்று எல்லாவற்றையும் போட்டுக்கொள்ளலாம். அதே தாழ்வுதான் இருட்டும் நேரத்தில் சிக்கல். காரில் வருபவர் கண்ணுக்குப் படாது. உயரமான கம்பியில் ஒரு கொடி, டிரெய்லருக்கென்று தனியாக ஒரு பின் சிவப்பு லைட், இரண்டும் இல்லாமல் சாயங்காலத்தில் இழுக்காதீர்கள்.

சீட்டைப் பொருத்தியதும் குழந்தையை ஏற்றாமல், அதன் எடைக்குச் சமமான ஒரு பையை வைத்து பட்டையைப் போட்டு இறுக்கி, யாரும் இல்லாத இடத்தில் ஓட்டிப் பாருங்கள். கிளம்பும்போதும் நிற்கும்போதும்தான் தள்ளாடும், ஓடும்போது அவ்வளவாகத் தெரியாது. பிரேக் பிடித்தால் வழக்கத்தைவிடத் தள்ளிப்போய்த்தான் நிற்கும், அந்தத் தூரம் உங்கள் கைக்குப் பழக வேண்டும். நீங்கள் உட்காரும் சீட்டை வழக்கமாக இருப்பதைவிடக் கொஞ்சம் இறக்கிக்கொண்டால் நிற்கும்போது இரண்டு காலும் தரையில் படியும்.

ஏற்றும் வரிசையும் முக்கியம். உங்கள் பை, தண்ணீர், லைட் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகக் குழந்தை ஏற வேண்டும், நின்றதும் முதலில் குழந்தை இறங்க வேண்டும். சைடு ஸ்டாண்டை நம்பிக் குழந்தையை சீட்டில் விட்டுவிட்டு நீங்கள் அந்தப் பக்கம் இரண்டடி நகர்வதுகூட ஆகாது, அது ஒரு பக்கமாகச் சாய்ந்தாலே வண்டியோடு கீழே வந்துவிடும். ஒரு கை எப்போதும் சைக்கிளில் இருக்கட்டும்.

ஹெல்மெட்டும் காலும்

ஹெல்மெட் நெற்றியை மூட வேண்டும். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலம்தான் வெளியே தெரியலாம். பின்னால் தள்ளி, முன்முடி தெரிய அழகாக வைத்தால் விழும்போது நெற்றிதான் அடி வாங்கும். காதுக்குக் கீழே இரண்டு பட்டையும் வி வடிவில் சேர வேண்டும், தாடைக்குக் கீழே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கம். கொக்கியைப் போடும்போது தாடைச் சதையைக் கிள்ளிவிட்டால் அதோடு முடிந்தது, அந்தக் குழந்தை ஒரு மாதத்துக்கு ஹெல்மெட்டைத் தொட விடாது. உங்கள் விரலை உள்ளே கொடுத்துக்கொண்டு கொக்கியை மாட்டுங்கள், கிள்ளினால் உங்களைக் கிள்ளட்டும். பின் சீட்டில் சாய்மானம் உயரமாக இருந்தால் ஹெல்மெட் அதில் இடித்து முன்னால் சரிந்து கண்ணை மறைக்கும், பின்பக்கம் தட்டையான ஹெல்மெட்டாகப் பார்த்து வாங்குங்கள். கொண்டை, குதிரைவால் எல்லாம் கழுத்துக்குக் கீழே இறங்கட்டும். ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும், மாற்றிவிடுங்கள்.

போகிற வழியில் பார்க்கில் விளையாட இறக்கிவிட்டால் ஹெல்மெட்டைக் கழற்றிவிடுங்கள். ஏறி விளையாடும் கம்பிகளுக்கு நடுவில் ஹெல்மெட் சிக்கிக்கொண்டால் பட்டை கழுத்தை இறுக்கிவிடும். இதைப் பலரும் யோசிப்பதே இல்லை.

அடுத்தது கால். விழுந்து அடிபடுவதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறோம், ஆனால் பின்னால் உட்காரும் குழந்தைக்கு வரும் மோசமான காயங்களில் ஒன்று குதிகாலும் கணுக்காலும் சக்கரக் கம்பிக்குள் மாட்டிக்கொள்வது. தூக்கக் கலக்கத்தில் கால் தளர்ந்து உள்ளே போனால் போதும், தோலோடு எலும்பையும் பார்த்துவிடும். கால் வைக்கும் குழிவில் பாதப் பட்டையைப் போடுங்கள், சக்கரத்தின் இரண்டு பக்கமும் கம்பியை மறைக்கும் வலையோ தகடோ மாட்டுங்கள், செருப்பு வேண்டாம், காலை மூடுகிற ஷூ போடுங்கள், லேஸை உள்ளே செருகிவிடுங்கள். உங்கள் சட்டையிலோ குழந்தை உடையிலோ நீளமாக எதுவும் தொங்கக் கூடாது.

சைக்கிளைச் சரிபார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், கூடுதல் எடை ஏறுவதால் டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அழுத்தத்தின் மேல் அளவை ஒட்டிக் காற்றடியுங்கள். முன் பின் பிரேக் இரண்டையும் தனித்தனியே பிடித்துத் தள்ளிப் பாருங்கள். செயின் கரகரக்காமல் ஓடுகிறதா, சீட் ஆடுகிறதா, பெல் அடிக்கிறதா, அவ்வளவுதான். பெல் அடிக்கும் வேலையைக் குழந்தைக்கே கொடுத்துவிடுங்கள். என்ன, தேவையில்லாத இடத்திலும் அடிக்கும்.

வெளிச்சம், நிறம்

முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. சூரியன் மறைவதற்கு முன்பே இரண்டையும் போட்டுவிடுங்கள். உங்களுக்கு வழி தெரிகிறதா என்பது இரண்டாவது கேள்வி, மற்றவர்களுக்கு நீங்கள் தெரிகிறீர்களா என்பதுதான் முதல் கேள்வி. பின் லைட் மினுக்கிக்கொண்டே இருந்தால் கவனத்தை ஈர்க்கும், ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று கணிப்பது பின்னால் வருபவருக்குக் கஷ்டம். நிலையாக எரியும் ஒன்று, மினுக்கும் ஒன்று என்று இரண்டு வைத்தால் நல்லது, ஒன்றுதான் என்றால் நிலையாக எரியட்டும். குழந்தை சீட்டோ அதன் சட்டையோ பின் லைட்டை மறைக்கிறதா என்று பத்தடி பின்னால் நின்று பாருங்கள். சீட் பொருத்திய பிறகு பழைய லைட் அப்படியே மறைந்துபோவது ரொம்ப சகஜம்.

உடை விஷயத்தில் கடைக்காரர் சொல்வதைக் கொஞ்சம் சலித்து எடுக்க வேண்டும். பளிச்சென்ற மஞ்சள், பச்சை ஜாக்கெட்டுகள் பகல் வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாக் கதிரால்தான் அப்படி ஜொலிக்கின்றன. சூரியன் போனதும் அந்த ஜொலிப்பும் போய்விடும். அந்த நேரத்தில் உதவுவது, கார் விளக்கு பட்டதும் அதை வந்த பக்கமே திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர் பட்டைகள். அதிலும் சிறந்த இடம் கணுக்கால். மிதிக்கும்போது மேலும் கீழும் போய் வருவதைப் பார்த்ததுமே இது மனிதர், சைக்கிள் மிதிக்கிறார் என்று ஓட்டுநருக்குப் பிடிபட்டுவிடும். சட்டையில் நெஞ்சுக்கு நடுவே ஒட்டினால் அது எங்கேயோ நிற்கிற ஒரு கம்பம் மாதிரி தெரியும்.

சிவப்புச் சட்டை வேண்டாம். இதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது, அதையே ஒரு விளையாட்டாகவும் ஆக்கலாம். வெளிச்சம் குறையும்போது நம் கண் வேலை செய்யும் விதம் மாறுகிறது, பகலில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் ஓய்ந்து, இரவுப் பார்வைக்கான கோல் செல்கள் முன்னே வருகின்றன. இவற்றுக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, நீலமும் பச்சையும் நன்றாகத் தெரியும். செக் நாட்டு விஞ்ஞானி யான் புர்க்கின்யே இதை 1819-இல் கவனித்துச் சொன்னார். போகும்போது வழியில் ஒரு செடியில் சிவப்புப் பூவைப் பார்த்து வையுங்கள், பூ பளிச்சென்று, இலை மங்கலாக இருக்கும். திரும்பி வரும்போது அதே செடிக்கு முன்னால் நின்று பாருங்கள். பூ கறுத்துப்போயிருக்கும், சுற்றியிருக்கும் இலை பூவைவிட வெளிறித் தெரியும். "பூவுக்கு என்னாச்சு?" என்று குழந்தை கேட்கும். பூ தூங்கப் போய்விட்டது என்று சொல்லிச் சமாளிக்காமல், நம் கண்தான் மாறியிருக்கிறது என்று சொல்லுங்கள், நான்கு வயதுக்கு அது நன்றாகவே புரியும். உன் சட்டையும் இப்படித்தான் மறைந்துபோகும், அதனால்தான் வெள்ளைச் சட்டை போட்டோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். தெருவிளக்கு பக்கத்தில் இருந்தால் இந்த விளையாட்டு எடுபடாது, விளக்கு இல்லாத மூலையில் இருக்கும் செடியாகப் பாருங்கள்.

கண் இருட்டுக்கு முழுசாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும். ஒரே ஒரு முறை போன் திரையைப் பளிச்சென்று காட்டினால் மறுபடியும் முதலிலிருந்து. அதனால் படம் எடுப்பதெல்லாம் சூரியன் மறைவதற்குள் முடியட்டும்.

நிற்கும் இடம்

சவாரி என்று பெயர் இருந்தாலும் குழந்தைக்குச் சுகம் நிற்பதில்தான். ஓட்டுகிற நமக்கு உடம்பு சூடாகும், அது சும்மா உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு வரும், கை கால் சில்லிட்டுப் போகும், குனிந்து விரலைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பத்து பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இறக்கிவிடுங்கள். ஓடட்டும், கல் பொறுக்கட்டும். உங்களுக்கு இதமாக இருப்பதைவிட ஒரு சட்டை கூடுதலாக அதற்குப் போட்டு வையுங்கள்.

பெரிய நிறுத்தத்துக்கு வானம் இரண்டு பக்கமும் தெரிகிற இடமாகப் பாருங்கள், ஏரிக்கரை, விளையாட்டு மைதானம், ஒரு மேடு. எல்லோரும் மேற்கையே பார்ப்பார்கள். சூரியன் மறைந்து பத்து நிமிடம் ஆனதும் குழந்தையைக் கிழக்குப் பக்கம் திருப்புங்கள். வானம் துப்புரவாக இருந்தால் அடிவானத்தை ஒட்டி ஒரு சாம்பல் நீலப் பட்டை மெல்ல மேலே ஏறிக்கொண்டிருக்கும், அதற்கு மேலே இளஞ்சிவப்பு விளிம்பு. அந்த நீலப் பட்டை வளிமண்டலத்தின் மேல் விழும் பூமியின் நிழல். நாம் நிற்கிற இந்தப் பூமிக்கும் நிழல் உண்டு, அது இதோ என்று காட்டுவதற்கு ஒரு பைசா செலவில்லை. சுவரில் தன் நிழலைப் பார்த்து விளையாடிய குழந்தைக்கு இதைப் புரியவைக்க ரொம்பப் பாடுபட வேண்டியதில்லை.

அப்புறம் வௌவால்கள். சூரியன் மறைந்த சற்று நேரத்தில் பூச்சி பிடிக்க வெளியே வரும், பறவை மாதிரி நேராகப் பறக்காமல் சட்சட்டென்று திசை மாறும். "அது பறவையா, வௌவாலா?" என்று பந்தயம் வைக்கலாம். முதலில் தெரிகிற புள்ளி மினுமினுத்தால் நட்சத்திரம், மினுக்காமல் அமைதியாக எரிந்தால் அநேகமாகக் கோள். மினுக்காமல் நகர்ந்துகொண்டே போனால், விமானத்தின் சிவப்பு பச்சை விளக்குகளும் இல்லையென்றால், அது செயற்கைக்கோள். தரை இருட்டிவிட்டாலும் அவ்வளவு உயரத்தில் இன்னும் வெயில் படுவதால்தான் அது தெரிகிறது, நடு இரவில் இவ்வளவு எளிதாகக் கண்ணில் படாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிட வேண்டாம், ஒரு சவாரிக்கு ஒன்று போதும். கொஞ்சம் சத்தம் கேட்கிற விளையாட்டும் வையுங்கள், கண்ணை மூடிக்கொண்டு எத்தனை சத்தம் கேட்கிறது என்று விரலில் எண்ணுவது. ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்காத குழந்தைகூட இதற்கு அடங்கும்.

குழந்தை தன் சைக்கிளில் வந்தால்

ஐந்தாறு வயதில் தானே மிதித்து வருகிறேன் என்று நிற்கும். சரி, ஆனால் அதன் கணக்கை நினைவில் வையுங்கள். 12 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு மீட்டரைக்கூடத் தாண்டாது, உங்கள் பெரிய சக்கரமோ இரண்டு மீட்டருக்கு மேல் போகும். நீங்கள் ஹாயாக மிதித்து வருகிற தூரத்துக்கு அது இரண்டு மடங்குக்கு மேல் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். மொத்தமே இரண்டு மூன்று கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று என்று அமையும்படி பாதையைப் போடுங்கள். மூன்றில் ஒரு பங்கு தெம்பு செலவானதும் திரும்புங்கள், பாதி என்று நினைத்தால் கடைசியில் அந்தக் குட்டி சைக்கிளை ஒரு கையிலும் குழந்தையை இன்னொரு கையிலும் தூக்கி வர வேண்டியிருக்கும். சைடு வீல் வைத்த சைக்கிளை மேடு பள்ள ரோட்டுக்குக் கொண்டு போகாதீர்கள், பள்ளத்தில் பின் சக்கரம் தரையில் படாமல் அந்தரத்தில் சுற்றும், பிரேக்கும் பிடிக்காது.

நீங்கள் அதற்குப் பின்னால், வண்டிகள் வருகிற பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வாருங்கள். முன்னால் நீங்கள் போனால் அது என்ன செய்கிறது என்று பார்க்கத் திரும்பித் திரும்பியே கழுத்து போய்விடும். பெரியவர்கள் இரண்டு பேர் என்றால் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதை நோக்கித்தான் ஹேண்டிலும் திரும்பும், அதனால் "அங்க பாரு நாய்க்குட்டி" என்று ஓடும்போது கத்தாதீர்கள், "பள்ளத்தைப் பாரு" என்றும் சொல்லாதீர்கள், நேராக அதில் போய் இறங்கும். "இந்தப் பக்கமா வா" என்று போக வேண்டிய இடத்தைச் சொல்லுங்கள். வருகிற வண்டியின் வேகத்தைக் கணிக்க இந்த வயதில் வராது, இருட்டில் இரண்டு விளக்கை மட்டும் பார்த்துச் சுத்தமாக வராது. ரோட்டைக் கடக்கும் இடத்தில் எல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது என்ற பழக்கம் ஆரம்பத்திலிருந்தே இருக்கட்டும்.

கிளம்புவதற்கு முன் மூன்றே மூன்று சொல்லைப் பழக்கினால் போதும்: "நில்", "ஓரம்", "மெதுவா". வீட்டு வாசலிலேயே, நடந்துகொண்டே, சொன்ன நொடி நிற்கிறதா என்று விளையாட்டாகப் பாருங்கள். நிற்காத குழந்தையை அன்றைக்கு உங்கள் சீட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள், தன் சைக்கிளை இன்னொரு நாள் எடுக்கலாம். அதன் கைக்கு பிரேக் எட்டுகிறதா என்பதையும் பாருங்கள், பல குட்டி சைக்கிள்களில் கை முழுசாக விரிந்தால்தான் பிரேக் லீவர் கிடைக்கும், அதைச் சின்னத் திருகாணி ஒன்றைத் திருகிப் பக்கத்தில் கொண்டு வரலாம்.

வழியில் வரும் தொல்லைகள்

தூக்கம்தான் முதல் தொல்லை. பேச்சு குறையும், பாட்டு நிற்கும், தலை ஒரு பக்கமாகச் சாயும். தூங்குகிற குழந்தையின் கழுத்து ஹெல்மெட் கனத்தில் ஆடிக்கொண்டே வருவது நல்லதில்லை. நிறுத்துங்கள், இறக்கி நடக்க வையுங்கள், முகத்தை ஈரத்துணியால் துடையுங்கள். அப்படியும் தூங்கினால் ஒரு கையால் அதைத் தோளில் போட்டு, இன்னொரு கையால் சைக்கிளைத் தள்ளி நடங்கள். இந்த நடைக்கு எவ்வளவு தூரம் சம்மதமோ, அதைவிட அதிகத் தூரம் போகவே கூடாது என்பது நல்ல அளவுகோல். பஞ்சரானாலும் இதே கணக்குதான் உதவும். இருட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு டியூப் ஒட்டுவது ஆகிற காரியம் இல்லை, ஒரு சின்ன பம்ப் இருந்தால் மெல்ல இறங்கும் காற்றை இரண்டு தடவை அடித்து வீடு வந்து சேரலாம்.

சாயங்காலத்தில் பூச்சி கண்ணில் விழும். நிறமில்லாத ஒரு கண்ணாடியைக் குழந்தைக்கும் போட்டுவிடுங்கள், உங்களுக்கும். கொசுத் தைலம் தடவினால் குழந்தையின் உள்ளங்கையில் தடவாதீர்கள், அடுத்த நிமிடம் அது வாய்க்கோ கண்ணுக்கோ போகும்.

நாய் துரத்தினால் வேகமாக மிதிக்கத் தோன்றும். குழந்தை பின்னால் இருக்கும்போது அந்தப் பந்தயம் வேண்டாம். நின்று, இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து, அதை முறைக்காமல், மெதுவாக நகருங்கள். பெரும்பாலும் ஓடுகிற சக்கரம் நின்றதுமே அதற்கு ஆர்வம் போய்விடும்.

இருட்டைக் கண்டு பயந்தால் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்காமல் வேலை கொடுங்கள். கையில் ஒரு சின்ன டார்ச், "நீதான் வழி காட்டணும், பள்ளம் எங்கே இருக்குன்னு சொல்லு". எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவையுங்கள். தன் சைக்கிளை ஓட்டும் குழந்தைக்கு இது பொருந்தாது, அதற்கு இரண்டு கையும் ஹேண்டிலில்தான்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் சீட்டிலிருந்து தூக்கி அப்படியே தரையில் விட்டுவிடாதீர்கள். வெகு நேரம் தொங்கிய கால் மரத்துப்போயிருக்கும், நிற்க வைத்ததும் மடங்கி உட்கார்ந்துவிடும், ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் தலையைத் துவட்டுங்கள், வேர்த்திருக்கும். அப்புறம் இரண்டு லைட்டையும் கழற்றி அன்றைக்கே சார்ஜில் போட்டுவிடுங்கள். நாளைக்கும் போகலாமா என்ற கேள்வி காலையில் எழுந்ததுமே வரும்.